பந்தயத்தில் இருந்தும் திரையில் இல்லாதவர்கள்: ஒரு நாஸ்கார் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வட கரோலினாவில் சார்லட் நகருக்கு வடகிழக்கே இருக்கும் கனாபொலிஸ் ஒரு பழைய ஆலை நகரம். ஊரில் பாதிப்பேர் குளியல் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் ஏழு முறை சாம்பியனான ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் பிறந்ததும் இங்கேதான். அவருடைய வெண்கலச் சிலை ஊர் நடுவில் நிற்கிறது. அடுத்த ஊரான கான்கார்டில் சார்லட் மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சாலையில் ஓடும் கார்களின் சாயலில் கட்டிய கார்கள் மோதும் இந்த ஸ்டாக் கார் பந்தயம் இந்த வட்டாரத்தில் பொழுதுபோக்கு மட்டுமல்ல. எஞ்சின் கட்டுவோர், பந்தயத்தின் நடுவே கார்கள் வந்து நிற்கும் பிட்டில் டயர் மாற்றுவோர், உடற்பகுதித் தகடு அடிப்போர் எனப் பலருக்கும் அதுவே பிழைப்பு.

இந்த ஆய்வு அங்குள்ள ஒரு குடும்பத்தைப் பற்றியது. அவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். பெரியவர் ஆலைத் தொழிலாளி. எர்ன்ஹார்டின் ரசிகர், பின்னர் அவருடைய மகன் டேல் ஜூனியரின் ரசிகர். மகள் சார்லட்டில் வங்கி ஊழியர், கெவின் ஹார்விக்கின் ரசிகை. மருமகன் வர்ஜீனியாக்காரர். அதனால் அந்த மாநிலத்தின் டென்னி ஹாம்லினை விட்டுக்கொடுக்க மாட்டார். பேரன் கைல் லார்சனின் பக்கம். அடுத்த வீட்டுக்குக் குடிவந்த நான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வரவேற்பறையில் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொண்டேன். நான் தமிழன் என்று தெரிந்ததும் பெரியவர் முதலில் கேட்டது நரேன் கார்த்திகேயனைப் பற்றித்தான். 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டிய கோவைக்காரர், அந்த ஆண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதை ரசிகர் வாக்கெடுப்பில் வென்றார். இந்தியாவிலிருந்து எத்தனை பேர் வாக்களித்தீர்கள் என்ற பெரியவரின் கேள்வியில் சற்றே சந்தேகமும் கலந்திருந்தது.

என்னுடைய கேள்வி எளியது. ஒரு பந்தயத்தையும் தவறவிடாத குடும்பம் எப்படி ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியது? தொலைக்காட்சி கெட்டுப்போனது என்பது ஒரு புகார். சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் முறை கெட்டுப்போனது என்பது இன்னொரு புகார். ரசிகர்கள் இவற்றைத் தனித்தனியாகவே பேசுவார்கள். இந்த வீட்டில் பார்த்த அளவில் இரண்டும் ஒரே புகார்தான். போட்டி முறை என்ன சொல்கிறதோ அதைத்தான் கேமரா காட்டுகிறது.

## 2003 வரை

பெரியவர் நேரலையாக முழுதாகப் பார்த்த முதல் பந்தயம் 1979 பிப்ரவரி 18 அன்று நடந்த டேடோனா 500. கிழக்கு மாநிலங்களில் பனிப்புயல் அடித்து மக்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாள் அது. சிபிஎஸ் தொலைக்காட்சி முதன்முறையாகக் கொடி அசைத்தது முதல் முடிவு வரை ஒளிபரப்பியது. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த கேல் யார்பரோவும் டானி ஆலிசனும் மோதி நின்றார்கள், ரிச்சர்ட் பெட்டி வென்றார், பிறகு புல்தரையில் கைகலப்பு. நாடு முழுவதும் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான்.

அப்போது சாம்பியனை முடிவு செய்த கணக்கு 1975இல் வகுக்கப்பட்டது. வெற்றிக்கு 175 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 170, மூன்றாம் இடத்துக்கு 165. ஒரு சுற்றேனும் முன்னணியில் ஓடினால் 5, அதிகச் சுற்றுகள் முன்னணியில் ஓடினால் மேலும் 5. ஆண்டு முழுவதும் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரு வாரம் கார் பழுதானாலும் பதினெட்டாம் இடத்தைப் பிடிப்பதற்கு அர்த்தம் இருந்தது. அந்த அர்த்தம்தான் ரசிகரை உட்கார வைத்தது.

ஒளிபரப்பு உரிமையை அன்று ஒவ்வொரு ஓடுதளமும் தனித்தனியாக விற்றது. 2001 முதல் ஃபாக்ஸ், என்பிசி, டர்னர் நிறுவனங்கள் சுமார் 240 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கின. அந்த ஒப்பந்தத்தின் முதல் டேடோனா 500இல், கடைசிச் சுற்றில் எர்ன்ஹார்ட் இறந்தார். அவருடைய காரை வேறு எண்ணுடன் ஓட்டிய ஹார்விக் மூன்றாம் வாரமே அட்லாண்டாவில் ஜெஃப் கார்டனை மயிரிழையில் முந்தினார். மகள் அன்று ஹார்விக்கின் பக்கம் போனவர்தான், பிறகு நகரவில்லை.

2003 ஜூலையில் ஆலை மூடப்பட்டது. நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலை இழந்தனர், பெரியவரும் அதில் ஒருவர். அதே ஆண்டில் மேட் கென்செத் ஒரே ஒரு வெற்றியுடன் சாம்பியனானார். எட்டுப் பந்தயங்களை வென்ற ரயன் நியூமனுக்கு ஆறாம் இடம். கடைசி வாரங்களில் போட்டியே இல்லை என்ற சலிப்பு உண்மையானது. பேரன் இன்றும் பழைய முறைக்கு எதிராக எடுத்துவைக்கும் முதல் சாட்சி இந்த 2003தான். அவன் அதைப் பார்த்தவனில்லை, ஆனாலும் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

## 2004 முதல் 2013: பத்துப் பந்தயங்களின் ஆட்சி

2004இல் 'சேஸ்' வந்தது. முதல் 26 பந்தயங்களுக்குப் பிறகு முன்னணி ஓட்டுநர்களின் புள்ளிகளைக் கிட்டத்தட்டச் சமமாக்கி, கடைசி 10 பந்தயங்களில் அவர்களுக்குள் சாம்பியனைத் தேர்ந்தெடுப்பது அதன் சாரம். செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்து தொடங்கிவிடும். அதன் முன் கார்ப் பந்தயம் காணாமல் போகக்கூடாது என்பதே கணக்கு.

ரசிகர்களுக்கு முதல் அடி அந்த ஆண்டே விழுந்தது, அதுவும் தொலைக்காட்சி வழியாக. அக்டோபரில் டலடேகாவில் வென்ற டேல் ஜூனியர், நேரலைப் பேட்டியில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டார். 10,000 டாலர் அபராதமும் 25 புள்ளி வெட்டும் விதித்தார்கள். முதலிடத்தில் இருந்தவர் கர்ட் புஷ்ஷுக்குக் கீழே இறங்கினார். ஓடுதளத்தில் ஜெயித்ததை மைக்கில் தோற்றார் என்பது பெரியவரின் தீர்ப்பு. கடைசியில் புஷ் வெறும் 8 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியனானார். பழைய கணக்கில் அந்த ஆண்டு ஜெஃப் கார்டன் வென்றிருப்பார்.

மகளின் மனக்கணக்கு 2010இல் தொடங்குகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டினால் அந்த ஆண்டு ஹார்விக்தான் முதல்வர். சேஸ் கணக்கில் மூன்றாம் இடம். மருமகனுக்கும் அதே நாளில் காயம்: ஹோம்ஸ்டெட் இறுதிப் பந்தயத்துக்கு 15 புள்ளி முன்னிலையுடன் வந்த ஹாம்லின் தோற்றார். ஜிம்மி ஜான்சனுக்குத் தொடர்ந்து ஐந்தாவது பட்டம். கணவன் மனைவி இருவரும் அன்று ஒரே சோபாவில் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

தொலைக்காட்சிக்காகவே உண்டாக்கிய சேஸ் பந்தயங்களில் பெரும்பாலானவை அந்த ஆண்டுதான் இலவச அலைவரிசையான ஏபிசியிலிருந்து ஈஎஸ்பிஎன் கேபிளுக்கு மாற்றப்பட்டன. ஆலை வேலை போன பிறகு கேபிள் கட்டணத்தைக் குறைத்திருந்த பெரியவர் வானொலிக்குத் திரும்பினார். அங்கே வர்ணனையாளர்கள் வளைவுக்கு ஒருவராக நின்று முழுக் களத்தையும் சொல்வார்கள். பதினைந்தாம் இடத்துச் சண்டையும் காதில் விழும். தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு வானொலியைக் கேட்கும் வழக்கம் இந்த வீட்டில் அப்போதுதான் வந்தது. படம் சில வினாடி பின்தங்கும் என்பதால், மோதலைக் காதால் கேட்டுவிட்டுக் கண்ணால் பார்ப்பார்கள்.

2013 செப்டம்பரில் ரிச்மண்டில் நடந்தது வேறு வகை. சேஸுக்குத் தகுதி பெறும் கடைசிப் பந்தயத்தின் முடிவில் கிளின்ட் பாயர் தன் காரைச் சுழலவிட்டார். எல்லாரும் வேகத்தைக் குறைத்து வரிசையில் ஓட வேண்டிய மஞ்சள் கொடி விழுந்தது. அதன் விளைவாக அவருடைய சக ஓட்டுநர் மார்ட்டின் ட்ரூவெக்ஸுக்கு இடம் கிடைத்தது. அணியின் வானொலி உரையாடல் வெளிவந்ததும் வேண்டுமென்றே செய்தது என்ற ஐயம் வலுத்தது. அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதம், ட்ரூவெக்ஸ் நீக்கம், நியூமன் சேர்ப்பு, அதற்கும் மேல் கார்டனைப் பதின்மூன்றாவது ஆளாகச் சேர்த்தார்கள். தகுதிக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்கு இவ்வளவு விலை வைத்தால் அதை வாங்க ஆள் வருவான் என்று மருமகன் அன்றே சொன்னார்.

## 2014 முதல்: வெளியேற்றும் முறை

2014இல் விதி இன்னும் கூர்மையானது. 16 ஓட்டுநர்கள், மூன்று பந்தயங்களுக்கு ஒருமுறை நான்கு பேர் வெளியே, கடைசியில் எஞ்சும் நால்வரில் இறுதிப் பந்தயத்தில் யார் முந்துகிறாரோ அவர் சாம்பியன். முதல் 26 பந்தயங்களில் ஒன்றை வென்றாலே பெரும்பாலும் உள்ளே வந்துவிடலாம். முதல் ஆண்டிலேயே ஒரு வெற்றியும் இல்லாத நியூமன் இறுதிக்கு வந்து இரண்டாம் இடம் பிடித்தார். ஹார்விக் ஃபீனிக்ஸையும் ஹோம்ஸ்டெட்டையும் அடுத்தடுத்து வென்று பட்டம் பெற்றார். மகள் அன்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். இந்த முறையை அவர் முழுதாகத் திட்டாமல் இருப்பதற்குக் காரணம் அந்த இரவு.

2017இல் பெயர் 'பிளேஆஃப்' என்று மாறியது. ஒவ்வொரு பந்தயமும் ஸ்டேஜ் எனும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்டேஜின் முடிவிலும் மஞ்சள் கொடி உறுதி, முதல் பத்துப் பேருக்குப் புள்ளி உறுதி, விளம்பரத்துக்கு இடைவெளியும் உறுதி. அப்படியானால் பச்சைக் கொடியின்கீழ், அதாவது கார்கள் முழு வேகத்தில் ஓடும்போது, விளம்பரம் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததாக இந்த வீட்டில் யாரும் உணரவில்லை.

அந்த ஆண்டோடு டேல் ஜூனியர் ஓய்வு பெற்றார். பெரியவருக்குச் சொந்தமாக ஓட்டுநர் இல்லாமல் போனது அப்போதுதான்.

## கவனித்தது

இந்த இடத்தில் சற்று நின்று, அந்த வரவேற்பறையில் பல இலையுதிர் காலங்களில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும்.

ஐபிஎல்லில் பிளேஆஃபுக்குத் தகுதி பெறாத அணி ஊருக்குத் திரும்பிவிடும், மைதானத்தில் இருக்காது. நாஸ்காரில் வெளியேற்றப்பட்டவரும் அடுத்த வாரம் அதே தளத்தில் அதே வேகத்தில் ஓட்டுவார். இறுதிப் பந்தயத்தில் கிட்டத்தட்ட நாற்பது கார்கள் ஓடும், பட்டத்துக்குப் போட்டியிடுவதோ நான்கு. மற்றவர்கள் வெற்றிக்காக ஓட்டலாம், வெல்லவும் செய்யலாம். 2023இல் ஃபீனிக்ஸ் இறுதிப் பந்தயத்தை வென்ற ராஸ் சாஸ்டெய்ன் அந்த நால்வரில் ஒருவரல்ல. இரண்டாவதாக வந்த ரயன் பிளேனி சாம்பியன்.

ஒளிபரப்பாளருக்கு இது தர்மசங்கடம். எதைக் காட்டுவது? இலையுதிர் காலம் வந்தால் திரையில் ஒரு கோடு தோன்றும். இந்த நொடியில் பந்தயம் முடிந்தால் யார் உள்ளே, யார் வெளியே என்று காட்டும் பட்டியல். கேமரா அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் இருப்பவர்களையே சுற்றும். பன்னிரண்டாம் இடத்தில் ஓடும் ஒருவர் கோட்டருகே இருந்தால் பத்துச் சுற்றுக்கு அவர் முகம். முன்னணிக்கு நடக்கும் சண்டை மூலைப் பெட்டியில்.

ஓட்டுநர் வெளியேற்றப்பட்ட மறுவாரமே அவருடைய ரசிகர் எழுந்து போகத் தொடங்குவார். முதலில் சமையலறைக்கு, பிறகு கார் கொட்டகைக்கு, கடைசியில் கால்பந்து ஓடும் இன்னொரு அறைக்கு. யாரும் கோபித்துக்கொண்டு தொலைக்காட்சியை அணைப்பதில்லை. தங்கள் கார் காட்டப்படவில்லை என்பதால் மெல்ல விலகுகிறார்கள், அவ்வளவுதான். பழைய கணக்கில் ஏழாம் இடத்திலிருந்து ஐந்துக்கு ஏறுவது ஒரு கதையாக இருந்தது. புதிய முறையில் ஐந்தாம் இடம் என்பது தோற்றவர்களில் முதல் இடம். அந்தக் கதையைச் சொல்ல வர்ணனையாளருக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு. பேரனும் அவன் நண்பர்களும் அந்தக் கோட்டையே விரும்பிப் பார்த்தார்கள். 2022 அக்டோபர் 30 அன்று மார்ட்டின்ஸ்வில்லில், இறுதிக்குத் தகுதி பெற இரண்டு இடம் முன்னேற வேண்டிய நிலையில் சாஸ்டெய்ன் கடைசிச் சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி, காரைச் சுவரோடு உரசவிட்டு, ஐந்து பேரைக் கடந்தார். வீடியோ விளையாட்டில் கற்ற உத்தி என்று அவரே சொன்னார். உலகம் முழுவதும் பரவிய அந்தக் காட்சியைப் போட்டி முறைதான் உண்டாக்கியது. பேரன் சோபாவிலிருந்து குதித்தான். மருமகன் அசையவில்லை, ஏனென்றால் அப்படிக் கடந்ததால் இறுதி வாய்ப்பை இழந்தவர் ஹாம்லின். அடுத்த பருவத்துக்கு முன் அந்த உத்தி தடை செய்யப்பட்டது.

மகளின் பொறுமை அதற்கு முன்பே, 2020இல் முடிந்துவிட்டது. ஹார்விக் அந்த ஆண்டு ஒன்பது பந்தயங்களை வென்றார், 26 வாரங்களின் முடிவில் முதலிடம். மார்ட்டின்ஸ்வில்லில் ஒரே ஒரு மோசமான நாளில் எட்டுப் புள்ளியில் இறுதியைத் தவறவிட்டார். ஒரு புள்ளியாவது கிடைக்காதா என்று கடைசி வளைவில் கைல் புஷ்ஷை இடித்து இருவரும் சுழன்றார்கள். அந்த முறை அவருக்கு 2014இல் கொடுத்ததை 2020இல் வட்டியோடு வாங்கிக்கொண்டது என்பதே மகளின் கணக்கு. 2023இல் ஹார்விக் ஓய்வு பெற்ற பிறகு அவர் வேறு யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவு டிக்கெட். கான்கார்டில் ஆண்டுக்கு இரண்டு முறை குடும்பமாகப் போனவர்கள், இலையுதிர் காலப் பந்தயத்தை விட்டுவிட்டு மே மாத 600 மைல் பந்தயத்துக்கு மட்டும் போகத் தொடங்கினார்கள். செலவு ஒரு காரணம். மே மாதத்தில் பந்தயம் பந்தயமாகவே இருக்கிறது, கோட்டுக் கணக்கு பேசுவோர் குறைவு என்பது மகள் சொன்ன காரணம். இப்படி விலகியவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். டேடோனாவே 40 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டபோது இருக்கைகள் சுமார் 1,01,500 ஆகக் குறைந்தன. ஓடுதளங்கள் அதற்காகப் பதறவில்லை. 2024 வரை தொலைக்காட்சிப் பணத்தில் 65 சதவீதம் ஓடுதளங்களுக்கே போனது. கேலரி காலியானாலும் காசோலை வந்துவிடும்.

இரண்டாவது முடிவு கேபிளைத் துண்டித்தது. பிறகு 2025 வந்தது. 770 கோடி டாலர், ஏழாண்டு ஒப்பந்தம். பருவத்தின் முதல் 14 பந்தயங்கள் ஃபாக்ஸ் குழுமத்தில், அடுத்த ஐந்து அமேசான் பிரைமில், அடுத்த ஐந்து டிஎன்டியில், கடைசி 14 என்பிசி குழுமத்தில், அவற்றில் பத்து யுஎஸ்ஏ கேபிளில். ஒரே விளையாட்டைப் பின்தொடர இத்தனை வாசல். அடுக்களை மேசையில் மகள் ஒரு தாளில் மாதவாரியாகக் கட்டணங்களை எழுதினார். பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, வானொலிக்கு இன்னும் காசு கேட்கவில்லையே என்றார்.

பிரைமுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். பொருள் வாங்குவதற்காக அந்தச் சந்தா ஏற்கெனவே வீட்டில் இருந்தது என்பது வெளியில் சொன்ன காரணம். வர்ணனை செய்பவர்களில் ஒருவர் டேல் ஜூனியர் என்பது பெரியவரை அசைத்த காரணம். பிரைமின் முதல் பந்தயம் மே 25 அன்று கான்கார்டில் நடந்த 600 மைல். கடைசி வரிசையிலிருந்து புறப்பட்ட சாஸ்டெய்ன், முடிய ஆறு சுற்றுகள் இருக்கும்போது வில்லியம் பைரனை முந்தி வென்றார். அந்த ஆண்டு அவர்கள் டிக்கெட் வாங்காமல் வீட்டிலேயே பார்த்தார்கள். விளம்பரத்தின்போதும் பந்தயம் பக்கத்துப் பெட்டியில் தெரிந்தது. முடிந்த பிறகும் உடனே அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடாமல் ஓட்டுநர்களை நிறுத்திப் பேசவைத்தார்கள். அந்த ஐந்து வாரமும் யாரும் அறையை விட்டு எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

இதை வைத்துப் பிரைமைப் புகழ்வது எளிது. அந்த ஐந்து பந்தயங்களும் கோடையில் வந்தவை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோடு இன்னும் தோன்றாத காலம் அது. முழுக் களத்தையும் காட்ட ஒளிபரப்பாளருக்குச் சுதந்திரம் இருந்தது.

மூன்றாவது முடிவு இலையுதிர் காலத்துக்கானது. யுஎஸ்ஏ அலைவரிசைக்காக இணையவழித் தொலைக்காட்சிச் சேவை ஒன்றை அந்த மாதங்களுக்கு மட்டும் வாங்குவது. மருமகனும் பேரனும் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். மகள் ஒரு டாலரும் தர மறுத்தார். அவர் மறுத்தது சரி என்பது என் எண்ணம். சம்பந்தமில்லாத வேடிக்கைக்கு யார் பணம் கட்டுவார்கள்?

## 2025 நவம்பர் 2

இறுதியில் நால்வர்: ஹாம்லின், லார்சன், பைரன், சேஸ் பிரிஸ்கோ. ஹாம்லினுக்கு அது இருபதாவது முழுப் பருவம். அக்டோபரில் லாஸ் வேகஸில் அறுபதாவது வெற்றி, ஆனால் ஒரு பட்டமும் இல்லை. லார்சன் மே மாதத்துக்குப் பிறகு ஒரு பந்தயமும் வெல்லவில்லை. இறுதிப் பந்தயம் என்பிசியில் வந்ததால் அன்று தனிச் செலவு இல்லை. மகளும் வந்து உட்கார்ந்தார்.

ஹாம்லின் 208 சுற்றுகள் முன்னணியில் ஓடினார். மூன்று சுற்றுகள் மீதமிருக்க, பைரன் சுவரில் மோதினார். மஞ்சள் கொடி. பிட்டில் ஹாம்லின் அணி நான்கு டயர்களும், லார்சன் அணி இரண்டு டயர்களும் மாற்றின. மறுதொடக்கத்தில் ஹாம்லின் பத்தாம் இடத்துக்குப் பின்தள்ளப்பட்டிருந்தார், லார்சன் ஐந்தாம் இடத்தில். இரண்டே சுற்றில் கதை முடிந்தது. பிளேனி பந்தயத்தை வென்றார், மூன்றாவதாக வந்த லார்சன் சாம்பியன், ஹாம்லின் ஆறாவது. லார்சன் அன்று ஒரு சுற்றில்கூட முன்னணியில் இல்லை.

பேரன் எழுந்து நின்றான், கை தட்டவில்லை. அவன் ஓட்டுநருக்கு இரண்டாவது பட்டம். ஆனால் பக்கத்தில் அப்பா இருந்தார். நால்வரின் முகங்களைக் காட்டிக்கொண்டிருந்த திரையைப் பார்த்து, பந்தயத்தை யார் ஜெயித்தது என்று பெரியவர் கேட்டார். ஏளனமாகக் கேட்டதாக முதலில் நினைத்தோம். உண்மையாகவே அவர் கவனிக்கவில்லை.

மருமகன் அந்த வாரமே இணையவழிச் சேவையை நிறுத்தினார்.

## பின்விளைவு

இதே அதிருப்தி அந்த வீட்டோடு நிற்கவில்லை. போட்டி முறையை மறுபரிசீலனை செய்ய ஓட்டுநர்கள், முன்னாள் ஓட்டுநர்கள், ஊடகத்தார் அடங்கிய குழுவை நாஸ்கார் அமைத்திருந்தது. ஐந்து முறை இரண்டாம் இடம் பிடித்து ஒருமுறையும் பட்டம் பெறாத மார்க் மார்ட்டின், 36 பந்தயங்களையும் கூட்டும் முறைக்கே திரும்ப வேண்டும் என்று வாதாடினார். 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. வெளியேற்றும் முறை நீக்கம். ஒரு பந்தயத்தை வென்றாலே உள்ளே என்ற விதியும் நீக்கம். புள்ளிப் பட்டியலில் முதல் 16 பேர், கடைசி 10 பந்தயங்களின் மொத்தக் கூட்டல், வெற்றிக்கு 40க்குப் பதில் 55 புள்ளி. பெயரும் மீண்டும் சேஸ். இறுதிப் பந்தயம் ஹோம்ஸ்டெட்டுக்குத் திரும்புகிறது.

முழுப் பருவக் கணக்கு வரவில்லை என்பதால் பெரியவருக்குப் பாதி மகிழ்ச்சி. ஒரே பந்தயத்தில் எல்லாம் முடிவாகும் பரபரப்பு போய்விடும் என்று பேரனுக்கு வருத்தம், ஹாம்லினின் முகத்தைப் பார்த்த பிறகு அதை அழுத்திச் சொல்ல முடியவில்லை. மகள் விதித்தாளைப் படித்துவிட்டு, இதே முறையில் 2010இல் தோற்றோமே என்றார். அது உண்மை. வெற்றிக்குக் கூடுதல் மதிப்பு இருந்தாலும், பத்துப் பந்தயங்களுக்கு முன் கணக்கைக் கலைத்து அடுக்கும் அடிப்படை அப்படியே இருக்கிறது.

## எதை மாற்றலாம்

இலையுதிர் காலத்தில் பந்தயத்தின் முன்னணிக்கு முதலிடமும் புள்ளிப் பட்டியலுக்கு இரண்டாமிடமும் கொடுப்பதே ஒளிபரப்பாளர் செய்யக்கூடிய முதல் மாற்றம். புதிய முறை அதற்கு வழிவிடுகிறது. 16 பேரும் கடைசி வாரம் வரை கணக்கில் இருப்பார்கள், ஒன்பதாம் இடத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் 16 பேருக்கு வெளியே உள்ளவர்கள் வென்றால் அவர்களிடம் மைக்கை நீட்டும் மரியாதை விதிப்புத்தகத்தில் வராது. அதைத் தயாரிப்பாளர் முடிவு செய்ய வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, ஒப்பந்தம் 2031 வரை என்பதால் வாசல்களின் எண்ணிக்கை குறையப் போவதில்லை. பருவம் முழுவதற்கும் ஒரே கட்டணத்தில் எல்லாப் பந்தயங்களையும் தரும் ஏற்பாட்டை நாஸ்கார் பேசி வாங்கினால் இந்த வீடு கட்டத் தயார். பெரியவர் நீங்கலாக.

குடும்ப அளவில் அவர்கள் செய்த மாற்றம் சிறியது. 2026க்கு மே மாத டிக்கெட் மீண்டும் எடுத்திருக்கிறார்கள். பிரைம் தொடர்கிறது. யுஎஸ்ஏ அலைவரிசைக்கான சேவையை வாங்குவதா என்ற பேச்சை செப்டம்பர் வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். மகளின் நிபந்தனை ஒன்றுதான்: சேஸின் முதல் பந்தயத்தை வானொலியில் கேட்போம், இன்னொரு பந்தயத்தைச் சந்தா வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில் பார்ப்போம், பட்டியலில் இல்லாத கார்களைக் காட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.